தூங்கும் பிள்ளைக்கு 20 நிமிடம்: மலையகப் பாடசாலை அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்மாருக்கும் வகுப்பாசிரிய நண்பர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது, 6000 ரூபா கொடுப்பனவுக்குச் சேர்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கொட்டகலை கலாசாலையில் பயிற்சி முடித்து நிரந்தரமானேன். அறிமுகம் இவ்வளவு போதும். எனக்கு நார்கோலெப்சி என்கிற தூக்க நோய் இருக்கிறது. தரம் 9இல் படிக்கும்போது தொடங்கியது. மருந்தால் அடக்கி வைக்கலாம், மாற்ற முடியாது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அதிபர்மாரின் மேசையில் நீளமான கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் வகுப்பில் நாள் தவறாமல் தூங்கி விழுகிற ஒரு பிள்ளை இருந்தால், அதை வெயிலில் நிறுத்துவதற்கும் முகத்தில் தண்ணீர் அடிப்பதற்கும் முன்னால், ஒரு வாரம் கவனியுங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நோய்தான் என்று தெரிந்த பிறகு, பாடசாலை நேரத்துக்குள் 20 நிமிடம் தூங்க அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வகுப்பில் தூங்குகிற எல்லாப் பிள்ளைக்கும் இந்த நோய் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிறார்கள். பக்கத்துக் காம்பரா டீவி இரவு பத்தரை வரைக்கும் நம் வீட்டுக்குள்ளேயே ஓடும். தகப்பன் குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை. பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிற அம்மா நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டத் தொடங்கினால் பிள்ளையும் எழும்பிவிடும். பிறகு மேல்பிரிவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வர வேண்டும். அதற்கு மேல், பதின்ம வயதில் உடம்பே பிந்தித் தூங்கிப் பிந்தி எழும்பத்தான் பார்க்கும்; அது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. நாமோ ஏழரைக்கு மணி அடிக்கிறோம். இந்தப் பிள்ளைகள் தூங்குவதற்குக் காரணம் வீட்டில் இருக்கிறது, மூளையில் இல்லை. லீவு நாளில் வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினால் முகம் தெளிந்துவிடும்.

எனக்குத் தெளியவில்லை. பத்து மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் முதல் பாடம் முடிவதற்குள் கண் சொருகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் மேசையில் தலை வைத்து எழும்பினால் புதுப் பிள்ளையாகிவிடுவேன். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பவும் அதே கதை. இரவுத் தூக்கமும் ஒழுங்கில்லை, நாலைந்து தடவை முழிப்பு வரும். பகல் முழுக்கத் தூங்குகிறவளுக்கு ராத்திரி தூக்கமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "பகல்ல தூங்குனா ராத்திரி எப்புடி தூக்கம் வரும்" என்பதுதான் எல்லாருடைய பதிலும். உண்மையில் இரண்டும் ஒரே கோளாறுதான்.

கொப்பியில் இதைக் கண்டுபிடிக்கலாம். என் தரம் 9 வரலாற்றுக் கொப்பியை அம்மா எறியாமல் வைத்திருந்தார். "1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம்" என்று ஒழுங்காகத் தொடங்குகிற வரி, "கைச்சாத்திடப்பட்டது" என்கிற இடத்தில் கோட்டை விட்டு இறங்குகிறது. எழுத்துகள் சிறுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நெளிகோடாகித் தாளின் கீழ் ஓரத்தில் போய் முட்டுகிறது. அதற்குக் கீழே, கொஞ்சம் தெளிவான கையெழுத்தில், "ஆட்டுக்குப் புல்லு போட்டாச்சு" என்று இருக்கிறது. கண்டி ஒப்பந்தத்தில் ஆடு எங்கே வந்தது? பேனை நிற்காமலே நான் தூங்கியிருக்கிறேன். தூங்கிய உடனேயே கனவும் வந்திருக்கிறது. கனவில் கண்டதைக் கை எழுதியிருக்கிறது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் "கவனயீனம்" என்று டீச்சர் எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கட்டுக் கட்டாகக் கொப்பி திருத்துகிறவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் இனிமேல் ஒரே பிள்ளையின் கொப்பியில் இப்படியான நெளிகோடு திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். சோம்பேறிப் பிள்ளை எழுதாமல் விட்டுவிடும். இந்தப் பிள்ளை தூக்கத்திலும் எழுதிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. அதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள்: சிரித்தால் உடம்பு விட்டுப்போவது. எனக்கு முதலில் வந்தது லயத்துக்காரர் குளிக்கிற பீலிக்கரையில். ஞாயிற்றுக்கிழமை, குளிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறோம். தோழி ஒருத்தி எங்கள் சேர் காலைக்கூட்டத்தில் பேசுகிறதை அப்படியே செய்து காட்டினாள். நான் சிரித்தேன். தாடை தொங்கிப் பேச்சு குழறியது, கழுத்து சரிந்தது, முழங்கால் இரண்டும் மடங்கின, வாளியோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிமையைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆனால் நினைவு தப்பவேயில்லை. சுற்றி நின்றவர்கள் பேசியது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. "வலிப்பு" என்றது ஒரு குரல். யாரோ ஓடிப்போய் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து சாவிக்கொத்து வாங்கிவந்து என் கையில் திணித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழும்பி நின்றேன். "இரும்பு பட்டதும் தெளிஞ்சிருச்சு பாரு" என்றார்கள். அன்றிலிருந்து லயத்தில் நான் வலிப்புக்காரி.

வலிப்பில் விழுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. இதில் எல்லாம் நினைவிருக்கும். கை கால் இழுக்காது, தொய்ந்துபோகும். விழுவதற்கு முன்னால் ஒரு சிரிப்போ, திடீர் ஆச்சரியமோ, சில பேருக்குக் கோபமோ இருக்கும். கேட்டப்ளெக்சி என்று இதற்குப் பெயர். எல்லாருக்கும் முழுசாக விழுவதாகவும் வராது. சில பிள்ளைகளுக்கு முகம் மட்டும் தொங்கி வாய் கோணும், நாக்கு வெளியே வரும், கையிலிருக்கும் பென்சில் நழுவும். நாம் அதைக் கேலி செய்கிறது, முகத்தைக் கோணிக் காட்டுகிறது என்று நினைத்து அடிக்கக் கையோங்குவோம். வைத்தியருக்கு இந்த விவரம் பத்து இரத்தப் பரிசோதனைக்குச் சமம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் விழுந்தால், விழ முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது, கூப்பிட்டது கேட்டதா என்று எழுதி வையுங்கள். ஃபோனில் படம் எடுக்க முடிந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்து வைத்தியரிடம் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளை தானாக வாய் திறந்து சொல்லாதது ஒன்றும் இருக்கிறது. தூங்கப்போகும்போதோ முழிக்கும்போதோ உடம்பு அசையாமல் கிடக்கும், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள். என்னிடம் வந்தவர் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணை வாசலில், கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கைக் கட்டிக்கொண்டு நின்றார், முகம் இல்லை. கத்த வாய் வராது. எப்போதாவது ஒருநாள் இப்படி வருவது யாருக்கும் நடக்கக்கூடியது. எனக்கு வாரத்தில் பல நாள் வந்தது. கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுகிறவர் எழும்பி நிஜமாகவே ஓடிவிடாமல் இருக்க, மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைக்கும். எங்களுக்கு முழிப்பு வந்த பிறகும் அந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரம் மிச்சமிருக்கிறது, கனவும் கண் முன்னால் மிச்சமிருக்கிறது. இதை எனக்கு ஒருவர் விளக்கியபோது நான் வேலைக்குப் போய்விட்டேன். தரம் 9இல் கிடைத்த விளக்கம் வேறு. கோடாங்கியை அழைத்து, உடுக்கடித்து, எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. கைக்கெட்டிய வைத்தியம் அதுதான். கோடாங்கியாவது நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அதுவரை வேறு யாரும் கேட்கவில்லை.

இனி நோயைப் பற்றி. 1880இல் ஜெலினோ என்கிற பிரெஞ்சு வைத்தியர்தான் இதற்கு நார்கோலெப்சி என்று பெயர் வைத்தார். அவரிடம் வந்த நோயாளி பீப்பாய் வியாபாரி. பகலில் ஓயாமல் தூங்கிவிழுவார், வாய்விட்டுச் சிரித்தால் கால் மடங்கும். பெயர் வைத்து நூறு வருடத்துக்கு மேல் காரணம் தெரியாமலே இருந்தது. 1998இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக மூளையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தன. ஒரேக்சின் என்றும் ஹைப்போக்ரெட்டின் என்றும் அதற்கு இரண்டு பெயர். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்கிற பகுதியில் சில பத்தாயிரம் செல்கள் மட்டும் அதைச் சுரக்கின்றன. சிரித்தால் விழுகிற வகை நார்கோலெப்சியில் அந்தச் செல்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன என்பது 2000இல் தெரியவந்தது. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குவதாகத்தான் இன்றைக்கு ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதற்கு இடம்கொடுக்கிற மரபணு உலகத்தில் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதில் மிகக் கொஞ்சப் பேருக்குத்தான், பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபதுக்கும் இடையில், நோய் வருகிறது. சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொற்றவும் தொற்றாது.

தோட்டத்து மொழியில் சொன்னால், ஒரேக்சின் செல்கள் பிரட்டுக்களத்தில் பேர் எடுக்கிற கணக்கப்பிள்ளை. ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், கூடையும் இருக்கிறது, பேர் கூப்பிட ஆளில்லை. யார் மலைக்குப் போவது, யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் இஷ்டத்துக்குக் கலைந்துபோவார்கள். எங்கள் தலைக்குள் முழிப்பு, தூக்கம், கனவு மூன்றும் அப்படித்தான் கலைந்து திரிகின்றன.

"ஒரு சாயத்தண்ணி குடிச்சா சரியாப் போகும்" என்று சொல்லாதவர்கள் இல்லை. தேயிலைக்கு நடுவில் பிறந்தவளுக்கு இந்த உபதேசம் வேறு! தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன், முழித்திருக்க முழித்திருக்க மூளையில் சேர்கிற அடினோசின் என்கிற பொருளின் வேலையைக் கொஞ்ச நேரம் மறிக்கும். களைத்த மனுசருக்கு அது போதும். இல்லாமல் போன ஒரேக்சினை அது கொண்டுவந்து தராது. நான் சாயம் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைக்குமுன் தூங்கியிருக்கிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் கும்பகர்ணி. சீதாஎலியவும் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியும் இருக்கிற மலைநாட்டில் இந்தப் பெயர் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இலங்கையில் முக்கால்வாசிப் பேர் முழித்திருந்து இராவணனுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, தூங்கி எழும்பி வந்த கும்பகர்ணன் சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொன்னான். இதை நான் வகுப்பிலும் சொல்வதுண்டு.

உலகக் கணக்கில் ஏறத்தாழ 2000 பேருக்கு ஒருவருக்கு நார்கோலெப்சி இருக்கும் என்கிறார்கள். உங்கள் கல்வி வலயத்தில் எத்தனை ஆயிரம் மாணவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், வகுத்துப் பாருங்கள். வசதியான நாடுகளிலேயே நோய் தொடங்கிப் பெயர் தெரியும் வரை பத்து வருடம் போவது சாதாரணம். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை நிறைய இருப்பதால் அந்த யோசனையைத் தப்பென்று சொல்ல முடியாது. நோய் தொடங்கிய வருடத்திலேயே உடம்பு திடீரென்று பெருத்தது. இந்த நோயில் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதுண்டு. "தின்னுட்டுத் தூங்குறா" என்பதற்கு அது அத்தாட்சியானது. இராத்திரியில் யாரோடோ ஃபோனில் பேசுகிறாள், காதல், என்றும் ஒரு பேச்சு. எங்கள் வீட்டில் அப்போது ஃபோனே இல்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில் வைத்தியர் சிங்களத்தில் கேட்டார், அட்டென்டன்ட் ஒருவர் தமிழாக்கினார். சிரித்தால் விழுகிறேன் என்று நான் சொன்னது, மயக்கம் வருகிறது என்று போய்ச் சேர்ந்தது. வலிப்பு மருந்து எழுதித் தந்தார்கள். அதைக் குடித்து இன்னும் தூங்கினேன். மொழி தெரிந்த ஒரு ஆசிரியர் ஒரு பக்கத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தந்திருந்தால் அந்த வருடங்கள் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதிக் கொடுங்கள் என்று மேலே கேட்டேன்.

ஓ.எல்லில் கணிதம் விழுந்தது. கேள்வி தெரியாமல் இல்லை. இரண்டாம் பகுதியில் பாதியைத் தூங்கிவிட்டேன். மேற்பார்வையாளர் எழுப்பியபோது கேத்திரகணித வினாவுக்குக் கீழே நெளிகோடு. அடுத்த வருடம் எழுதித்தான் ஏ.எல் போனேன். என் வகுப்பில் இருந்து கொழும்புக் கடைகளுக்கும் வீட்டுவேலைக்கும் போன பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு ஒரு பயம் வரும். என்னைப் போல் ஒரு பிள்ளை "படிப்பு ஏறாது" என்று நின்றுபோனால் அடுத்து எங்கே போகும்? பையன் என்றால் த்ரீவீல் ஓட்டப் பழகுவான், கினிகத்தேன வளைவுகளில் ஓட்டுவான். அல்லது ஃபெக்டரியில் ரோலர் பக்கத்தில் இராத்திரி வேலைக்கு நிற்பான். இந்த நோய்க்குப் பெயர் தெரியாமல் இருப்பதில் இருக்கிற ஆபத்து பரீட்சைப் பெறுபேறு மட்டுமில்லை.

நியமனம் கிடைத்துக் கொஞ்ச காலத்தில், அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தர, கொழும்புக்குப் போய்ப் பரிசோதனை செய்தேன். தலை முழுக்கப் பசை வைத்து வயர் ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்தார்கள். மறுநாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விளக்கை அணைத்து, "இப்ப தூங்குங்க" என்றார்கள். பகலில் தூங்கச் சொல்லி என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை! எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறோம் என்று பார்ப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, அதில் இரண்டு தடவையாவது 15 நிமிடத்துக்குள் கனவுத்தூக்கத்துக்குப் போனால் நார்கோலெப்சி. மற்றவர்களுக்குக் கனவுத்தூக்கம் வர ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும். எனக்கு ஒவ்வொரு தடவையும் படுத்த கையோடு வந்தது. அறிக்கையைக் கையில் வாங்கியபோது அம்மா கேட்ட கேள்வி, "அப்ப நீ சோம்பேறி இல்லையா?" என்பதுதான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது எப்படி வாழ்கிறேன் என்று கேட்பீர்கள். மருந்து பாதி, ஒழுங்கு பாதி. பகலில் முழித்திருக்க மொடபினில், மெதில்பெனிடேட் வகை மருந்துகள் இருக்கின்றன. விழாமல் இருக்க, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலவற்றைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். இவை வைத்தியர் எழுதித்தான் குடிக்க வேண்டும், யாரும் பார்மசியில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது வகையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பாடத்தை உடம்பால் படித்தேன். மாத்திரை முடிந்த சில நாளில், சின்னப் புன்னகைக்கும் கால் மடங்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் என் முன்னால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். அவர் முகத்தை இறுக்கினால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும் என்பது அவருக்குப் புரியவில்லை.

ஒழுங்கு என்பது தூக்கத்துக்கு நேரம் ஒதுக்குவது. நோய் கேட்கிறபோது படுத்தால் நாள் முழுக்கப் படுக்க வேண்டிவரும். கேட்குமுன் படுத்துவிட்டால் 20 நிமிடத்தில் முடியும். காலை இடைவேளையோடு சேர்த்து நூல்நிலையத்தின் பின்பக்கம், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுப்பேன். வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து எங்கள் அதிபர் பாட அட்டவணையில் அந்த நேரத்தை எனக்கு வெறுமையாக்கிக் கொடுத்தார், பதிலுக்கு நான் கடைசிப் பாடங்களை எடுக்கிறேன். "தூங்குறதுக்கும் சம்பளமா" என்று ஆரம்பத்தில் ஓய்வறையில் பேச்சு இருந்தது. படுக்காத நாளில் நான் என்ன படிப்பிக்கிறேன் என்று ஒருநாள் பார்த்தார்கள், பிறகு பேச்சு நின்றது. உட்கார்ந்து படிப்பிக்கமாட்டேன். பிள்ளைகள் எழுதும்போது நானும் வரிசைக்கு வரிசை நடப்பேன். நல்ல பகிடி வருகிற மாதிரித் தெரிந்தால் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு இது தெரியும், வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். டீச்சர் சாய்ந்தால் யார் கதிரை போடுவது என்று முன்வரிசையில் ஒரு ஏற்பாடே இருக்கிறது. பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதில் பாதி சிரமம்கூட அவர்களிடம் இல்லை.

பஸ்ஸில் கொண்டக்டருக்குப் பக்கத்து சீட். எழுப்பிவிடச் சொல்லித்தான் ஏறுவேன். அவர் மறந்த நாட்களில் நோர்வூட்டில் இறங்க வேண்டியவள் மஸ்கெலியாவில் இறங்கியிருக்கிறேன். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் தனியாக நிற்பதில்லை, ஸ்கூட்டி ஆசையை விட்டுவிட்டேன். கல்யாணப் பேச்சு வந்தபோது மறைக்கச் சொன்னவர்கள் நிறைய. நான் மறைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இவ்வளவும் ஒரு பெரிய மனுசி தானே ஏற்பாடு செய்துகொண்டது. பதினான்கு வயதுப் பிள்ளையால் பாட அட்டவணையை மாற்ற முடியாது, அதிபரால் முடியும். நோயாளர் அறை இல்லாத பாடசாலைகள்தான் நம்மிடம் அதிகம், எனக்குத் தெரியும். அறை தேவையில்லை. ஒரு பாய், ஒரு மூலை, எழுப்பிவிட ஒரு மாணவத் தலைவி. காலைக்கூட்டத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்க வைக்காதீர்கள். வாங்கின் மேல் ஏற்றி நிறுத்துகிற தண்டனை யாருக்குமே வேண்டாம், இந்தப் பிள்ளைக்கு அது பல்லை உடைக்கும். விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள், அது நல்லது. ஆற்றில் குளிக்கவும் உயரத்தில் ஏறவும் மட்டும் தனியாக விடாதீர்கள். பார்வை குறைந்த பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் கொடுக்கிற நாடு இது. ஓ.எல் விண்ணப்பம் போகும்போதே வைத்திய அறிக்கையை இணைத்து, பரீட்சைக்கு நடுவில் ஓய்வும் அதற்கு ஈடான நேரமும் கேட்டு அதிபர் எழுத வேண்டும். பிள்ளையின் அம்மா மலையில் நிற்கிறார், அவருக்கு அந்தப் படிவம் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

பெற்றோரிடம் பேசும்போது பேய், பூசை எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று முகத்தில் அடிக்காதீர்கள். பூசை செய்வது செய்யட்டும், கிளினிக்குக்கும் போகட்டும் என்று சொன்னால் போவார்கள். ஒரு நாள் பேர் பதியாமல் போனால் ஒரு நாள் சம்பளம் போகிற குடும்பங்கள் அவை. கிளினிக் தினத்தைத் தெரிந்து சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து ஐயாவிடம் ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிக் கொடுத்து, முடிந்தால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். அது உங்கள் கடமைப் பட்டியலில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் பாடசாலைகளில் நாம் செய்கிற வேலையில் பாதி எந்தப் பட்டியலில் இருக்கிறது?

தவணை விடுமுறையில் நான் ஓய்வாக இருப்பேன். லிந்துலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை, எங்கிருந்து அழைத்தாலும் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்து பேசத் தயார், பஸ் காசு வேண்டாம். கூட்டத்தைப் பதினொரு மணிக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன்னால் 20 நிமிடம் படுக்க ஓர் இடம், பேசும்போது பக்கத்தில் ஒரு கதிரை. உங்கள் ஓய்வறையில் நன்றாகப் பகிடி விடுகிற சேர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி